என்னைப் பாராத பல்லி

ஏப்ரல் 12

கிழக்கே கல்லோ மலை நிற்பதால் சிசிலியின் பார்க்கரெல்லோக் கரைக்கு வெயில் பிந்தித்தான் வரும். 500 மீற்றருக்கு மேல் எழும்பிய சுண்ணாம்புப் பாறை அது. ஸ்ஃபெர்ராகவால்லோவின் துறையில் வள்ளங்கள் காயத் தொடங்கிய பிறகும் இந்தக் கரையோரப் பாதை குளிர்ந்தே கிடக்கிறது. மலை 2001இலிருந்து காப்பகம். முன்னால் உள்ள கடல் அதற்கடுத்த வருடத்திலிருந்து. பாதையை விட்டு இறங்கிப் பற்றைக்குள் போகக்கூடாது. எனக்கு அது வசதிதான். பல்லிகளும் பாதையோரக் கற்களில்தான் வந்து காய்கின்றன.

குட்டைப் பனைகளின் அடியில் முதல் வெயில் விழும் கல் எது என்று பார்த்து வைத்துக்கொண்டேன். வெயில் ஏறிவிட்டால் அவற்றின் ஓட்டத்துக்கு எந்த லென்ஸும் ஈடு கொடுக்காது. உடம்பில் சூடு ஏறாத அந்தக் கொஞ்ச நேரம்தான் படமெடுப்பவனுக்குக் கிடைப்பது.

ஏப்ரல் 13

படுத்தேன். நின்றபடி எடுத்தால் பல்லி ஒரு கோடு. மேலே இருந்து பார்க்கிற மனிதனின் பார்வை மட்டுமே படத்தில் மிஞ்சும். நாடி கல்லில் படும் அளவுக்கு இறங்கினால் அதற்கு முகம் வருகிறது, கல்லுக்கு அடிவானம் வருகிறது. இன்னொரு லாபமும் உண்டு. மேலிருந்து எடுக்கும்போது பின்னணி என்பது ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிற அதே பாறை. ஒவ்வொரு பொருக்கும் தெளிவாக விழுந்து கண்ணை இழுக்கும். கீழே இறங்கியதும் பின்னணி பல மீற்றர் தள்ளிப்போய் வெறும் நீலமாகக் கரைந்துவிடுகிறது.

மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை அதிகம் போனால் 9 சென்றிமீற்றர் உள்ள உயிர். 100 மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸில் நெருங்கினால், எஃப் 8 வைத்தாலும் கூர்மையாக விழுவது சில மில்லிமீற்றர்தான். அதைக் கண்ணுக்குக் கொடுத்துவிட வேண்டும். வெள்ளைப் பாறை கமராவின் ஒளி அளவீட்டை ஏமாற்றும். அதை நம்பினால் கல் சாம்பலாகும், பல்லி கரியாகும். வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

ஏப்ரல் 19

இன்று முழுக்கப் படம் எடுப்பதைவிடப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தனியே இருக்கும் பல்லி முதுகை விரித்துத் தட்டையாகிக் கல்லோடு ஒட்டிக் கிடக்கிறது. கண் அரைவாசி மூடியிருக்கிறது. நான் சற்று அசைந்ததும் உடம்பு ஒடுங்குகிறது, தலை நிமிர்கிறது, முன்கால்கள் விறைக்கின்றன. பார்க்க அழகான நிலைதான். ஆனால் அது பயத்தின் நிலை. காட்டுயிர்ப் படங்களில் கம்பீரம் என்று நாம் மெச்சுகிறவற்றில் எத்தனை இந்தப் பயமோ!

ஏப்ரல் 20

பத்து மணி வாக்கில் அந்தக் கல்லில் ஒன்று தோல் உரித்துக்கொண்டிருந்தது. பாம்பு மாதிரி முழுச் சட்டையாக அல்ல, துண்டு துண்டாக. கன்னத்தைக் கல்லின் விளிம்பில் வைத்துத் தேய்க்கும், நிறுத்தும், மறுபடி தேய்க்கும். நான் ஒருவன் அங்கே கிடப்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

ஏப்ரல் 22

இரவு மேசையில் மகளோடு இருந்து தெரிவு. கண் மங்கியவை, வால் நுனி சட்டத்துக்கு வெளியே போனவை, முகத்துக்கு முன்னால் இடமே இல்லாமல் மூக்கு விளிம்பில் முட்டியவை எல்லாம் சண்டையில்லாமல் போயின. மிஞ்சியவற்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, முத்திரை அளவுக்குச் சுருக்கிப் பார்த்தோம். கறுப்பு வெள்ளையிலேயே யானை முதல் காகம்வரை எல்லாவற்றையும் படமெடுத்த மா. கிருஷ்ணனை (1912–1996) நினைத்துக்கொண்டேன். பச்சை நிறம் ஒன்றையே நம்பியிருந்த படங்கள் இந்தச் சோதனையில் உடனே தொலைந்தன.

கடைசியில் இரண்டு. ஒன்றில் பல்லி நிமிர்ந்து என்னையே பார்க்கிறது. கண்ணில் வானத்தின் ஒளிப்பொட்டு. பின்னால் வெறும் கடல். மற்றதில் கன்னம் கல்லில், தாடையோரம் உரிந்த தோல் சிறு கொடிபோல எழும்பி வெயிலில் ஒளிர்கிறது. வாலின் நடுப்பகுதியைப் பனையோலை மறைக்கிறது.

“அப்பா, முதலாவதுதான் வடிவு. மற்றதில ஓலை குறுக்க நிக்குது.”

ஓலை நிற்கத்தான் செய்கிறது. அது அந்தப் பல்லியின் வீடு. அதுதான் படத்தின் இடப்பக்கத்தை அடைத்து, கண்ணை வலப்பக்கம் தோலுக்குத் தள்ளுகிறது. லண்டன் சுரங்க ரயில் மேடையில் ஒரு துணுக்கு உணவுக்காகச் சண்டை பிடித்த இரண்டு எலிகளின் படத்தைக் காட்டினேன். அதை எடுத்த சாம் ரோலி ஒரு வாரம் இரவுகளில் மேடையில் படுத்துக் கிடந்தார். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2020இல் மக்கள் தெரிவு விருது கிடைத்தது. அந்த எலிகள் கமராவைக் கண்டுகொள்ளவேயில்லை. அதே போட்டியில் 2017இல் பரிசு பெற்ற எறும்புண்ணிப் படத்தின் கதையையும் சொன்னேன். புற்றை நோக்கிப் போவதுபோல அவ்வளவு ஒழுங்காக நின்ற விலங்கு, பாடம் செய்து வைத்த உடலாகவே இருக்கவேண்டும் என்று நிபுணர்கள் முடிவுகட்ட, 2018இல் பரிசைப் பறித்தார்கள்.

“அதுக்கும் இதுக்கும் என்ன? இது உயிரோடதானே நிக்குது,” என்றாள். நியாயம்தான். நிமிர்ந்த படம் பொய் இல்லை. ஆனால் அதில் பல்லியின் பாதியும் என் பாதியும் இருக்கின்றன. தேய்க்கிற படத்தில் நான் இல்லை. அதைத்தான் எடுத்தேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு ஆசையும் இருந்தது. சிசிலியையும் எகாதி தீவுகளையும் தவிர எங்கும் இல்லாத வாக்லர் பல்லியின் படம் ஒன்றைத் தெரிவு செய்தால் அடியில் எழுதப் பெருமையாக இருக்கும். தோல் உரித்ததோ இத்தாலி எங்கும் மதிலில் ஓடுகிற சாதாரணப் பல்லி. சாதாரணமாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏப்ரல் 27

அச்சுக்குக் கொடுக்கும் முன் வெட்டினேன். வலப்பக்கம் வெறுமையாக இருந்த பாறையில் கொஞ்சம் மட்டும் குறைத்தேன். இன்னும் நெருக்கி வெட்டினால் தோல் பெரிதாகத் தெரியும், கல் தொலைந்துவிடும். தேய்ப்பதற்குக் கல்லின் விளிம்பு வேண்டுமே. ஓலையைக் கணினியில் அழித்துத் தரட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

சட்டம் போட்டுக் கொண்டுவந்ததைப் பார்த்து மனைவி கேட்டாள்: “பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் பாக்கிற வீடு. இதை ஹோலிலயோ கொழுவப் போறியள்?”

குசினிக்குப் போகும் நடையில் கொழுவலாம் என்று இப்போதைக்கு முடிவு.