படகு வாங்கும் முன் கரையில் நிற்கும் நாளை எண்ணுங்கள்

"பழைய பைபர் படகு ஒண்ணு விலைக்கு வருது. எஞ்சினோட சேர்த்துத் தர்றாங்க. வாங்கலாமாண்ணே?" மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார். கேட்பவர்களில் பலர் கடலோரத்தில் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவர்கள். தென்னையிலும் முல்லையிலும் வருமானம் குறையும் மாதங்களைக் கடல் ஈடுகட்டிவிடும் என்பது அவர்களின் எண்ணம்.

நானும் அந்த ரகம்தான். வேதாரண்யம் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். எனக்கு 2016-ல் இருந்து 28 அடி பைபர் படகு ஒன்று இருக்கிறது. கொல்லையில் கொஞ்சம் தென்னையும் முல்லையும் உண்டு. அதனால், கேட்பவர்களுக்கு நிலத்துக் கணக்கையும் கடல் கணக்கையும் சேர்த்தே பதில் சொல்வது வழக்கம். வருடத்தில் எத்தனை நாள் படகு கரையில் நிற்கும், அந்த நாட்களில் உங்கள் வீடு தாங்குமா? இதற்குப் பதில் வைத்துக்கொண்டு படகு வாங்குங்கள்.

நோட்டு சொல்லும் கணக்கு

படகு விற்கும் தரகர் சொல்லும் கணக்கு எளிமையாக இருக்கும். "செலவு போக நாளுக்கு 1,500 ரூபாய் நிக்கும். மாசம் 45,000" என்பார். உழவர்களுக்கு இந்தக் கணக்கின் ஓட்டை உடனே தெரியும். ஒரு நல்ல குலையை வைத்துத் தோப்பு முழுவதற்கும் விளைச்சல் சொல்வது போன்றது அது.

நான் தினமும் நோட்டில் எழுதுவேன். ஒரு வருடக் கணக்கை அப்படியே தருகிறேன். கடலுக்குப் போனது 168 நாள். கரையில் நின்றது 197 நாள். அதில் காற்று, மழை, எச்சரிக்கை காரணமாக நின்றது 71 நாள். வாரம் ஒரு நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டில் 48 நாள். எஞ்சின், படகு வேலைக்கு 27 நாள். வலை கட்ட, பொத்த 22 நாள். நல்லது கெட்டது, உடம்புக்கு முடியாதது என்று 29 நாள்.

போன 168 நாளிலும் 49 நாள் எண்ணெய்க் காசு, ஐஸ் காசுகூடத் தேறவில்லை. ஆக, வீட்டுக்குக் காசு கொண்டுவந்தது 119 நாள். அந்த 119 நாள் வருமானத்தில்தான் 365 நாளும் அடுப்பு எரிய வேண்டும். தவணையும் கட்ட வேண்டும்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்குத்தான். எங்களைப் போன்ற நாட்டுப்படகுகள் கரையோரத்தில் தொழில் செய்யலாம். விசைப்படகு மீன் வராததால் அந்த நாட்களில் நண்டுக்கும் காலாவுக்கும் நல்ல விலை கிடைக்கும். படகு வேலைகளை ஏப்ரலுக்கு முன்பே முடித்துவிடுவது லாபம்.

பல்லைப் பார்க்காமல் மாடு வாங்குவோமா?

பழைய படகு பார்க்கப் போகும்போது புதுப் பெயின்ட் பளபளப்பாக இருந்தால் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழியுங்கள். சந்தையில் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் பூசி நிறுத்துவது நமக்குப் புதிதா என்ன?

ஒரு ரூபாய் நாணயத்தால் அணியத்தில் இருந்து அமரம் வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வரும். 'பொத் பொத்' என்று வந்தால் உள்ளே மேட் அடுக்கு விட்டிருக்கிறது என்று பொருள். அடுத்து, எஞ்சின் மாட்டும் பின்பலகை. பல படகுகளில் பைபருக்குள்ளே மரப்பலகை வைத்திருப்பார்கள். போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அந்த மரம் உளுத்துப்போகும், வெளியே தெரியாது. எஞ்சினைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் பலகை அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால், எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அது விலை அதிகம்தான்.

பதிவுச் சான்று விற்பவர் பெயரில் இருக்கிறதா, படகில் எழுதிய எண்ணும் சான்றில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மீன்வளத்துறை அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு மாற்றிய பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள். நிலத்துக்குப் பட்டா எப்படியோ, படகுக்குப் பதிவு அப்படி. நிவாரணம், மானியம் எல்லாவற்றுக்கும் அதுதான் ஆதாரம்.

எஞ்சினுக்குக் கரையில்தான் வைத்தியம்

கரைக்கு வந்ததும் எஞ்சினை ஒரு டிரம் நல்ல தண்ணீரில் இறக்கி 10 நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். உள்ளே இருக்கும் உப்பு வெளியேறிவிடும். எஞ்சின் ஓடும்போது பக்கத்துத் துளையில் இருந்து தண்ணீர் பீச்ச வேண்டும். பீச்சல் மெலிந்தால் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது வழியில் மணல் அடைத்திருக்கிறது. தண்ணீர் ஏறாமல் பம்ப் செட்டை ஓட்டினால் என்ன ஆகும் என்று உழவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் சீல் வழியாகக் கடல் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அன்றே மாற்றினால் சீல் விலையோடு போகும். தள்ளிப்போட்டால் கியர் பெட்டியே போய்விடும்.

அடுத்து எரிபொருள். ஒரு தை மாதம் நானும் மச்சானும் கோடியக்கரைக்கு வெளியே வலை போட்டிருந்தோம். திரும்பும்போது எஞ்சின் இரண்டு முறை விக்கி நின்றுவிட்டது. நல்ல வாடைக்காற்று. அது படகைத் தெற்கே தள்ளும். அந்தப் பக்கம் போகப் போக இலங்கைக் கடல் எல்லை. எஞ்சின் பழுதாகி அடித்துப்போன படகா, வேண்டுமென்று வந்த படகா என்று எல்லையில் யாரும் நிதானமாகக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

"மாமா, முதல்ல நங்கூரத்தைப் போடுங்க. எஞ்சினை அப்புறம் பார்ப்போம்" என்றான் மச்சான். சரியான வார்த்தை. ஆழம் 4 பாகம். எங்களிடம் 25 பாகம் கயிறு இருந்தது. நங்கூரம் பிடித்தது. படகு நின்ற பிறகு கை நடுங்காமல் வேலை பார்க்க முடிந்தது. எரிபொருளைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தால், அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர். வாங்கிய இடத்திலேயே கலந்து வந்திருக்கிறது. தனியாகக் கட்டி வைத்திருந்த 5 லிட்டர் கேனில் குழாயை மாற்றி, கார்புரேட்டரில் இருந்த தண்ணீரை இறக்கி, பிளக்கைத் துடைத்து மாட்டினோம். முக்கால் மணி நேரத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்த 5 லிட்டர் கேன், ஒரு பிளக், ஒரு ஸ்பேனர், நீளமான நங்கூரக் கயிறு. இவ்வளவுதான் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் எங்கே வாங்கினாலும் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் கால் மணி நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தங்கிவிடும். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் 5 மடங்காவது இருக்கட்டும். ஜி.பி.எஸ். வைத்திருப்பவர்கள் எல்லைக்கோட்டுக்கு முன்பே அலாரம் அடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

பின்னும் ஃபியூஸும்

சில சின்ன எஞ்சின்களில் இறக்கையைத் தாங்க ஒரு பின் இருக்கும். அறுந்து மிதக்கும் வலையிலோ கட்டையிலோ இறக்கை சிக்கினால் அந்தப் பின் உடைந்துவிடும். உடைவதற்காகவே வைத்தது அது. பக்கத்துப் படகுக்காரர் ஒருவர், "அடிக்கடி உடையுது" என்று பின்னுக்குப் பதிலாக ஒரு இரும்பு ஆணியை வெட்டி மாட்டினார். அடுத்த முறை ஆணி உடையவில்லை; கியர் உடைந்தது. மோட்டார் ஸ்டார்ட்டரில் ஃபியூஸுக்குப் பதில் தடிமனான கம்பி கட்டுவதும் இதுவும் ஒன்றே. கம்பெனிப் பின் நான்கு வாங்கி, கிரீஸ் தடவி, டப்பாவில் போட்டுப் படகிலேயே வையுங்கள்.

கஜா கற்றுக்கொடுத்தது

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியில்தான் கரையைக் கடந்தது. எச்சரிக்கை முன்பே வந்துவிட்டதால் கடலில் யாரும் இல்லை. படகுகளை மேட்டில் ஏற்றிக் கட்டியிருந்தோம். விடிந்து பார்த்தபோது கட்டிய இடத்தில் கயிறு மட்டும் இருந்தது. படகு சவுக்குத் தோப்புக்குள் கவிழ்ந்து கிடந்தது. அணியத்தில் முழ நீளத்துக்குக் கிழிசல். கொல்லையில் பாதித் தென்னை தரையில். நிலமும் கடலும் ஒரே இரவில் படுத்துவிட்டன.

பைபர் கிழிசலைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. கிழிசலை நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்கி, நன்றாகக் காயவிட வேண்டும். ஈரம் இருந்தால் ரெசின் பிடிக்காது. கிழிசலைச் சுற்றி அகலமாக, சரிவாகத் தேய்த்த பிறகு மேட்டை அடுக்கடுக்காக வைக்க வேண்டும். நடு வெயிலில் ரெசின் கலந்தால் தடவும் முன்பே இறுகிவிடும். காலையில் செய்யுங்கள். கை உறை, முகமூடி கட்டாயம். முக்கியமான எச்சரிக்கை ஒன்று: ஆக்சிலரேட்டரையும் ஹார்ட்னரையும் ஒன்றோடொன்று நேரடியாகக் கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் முழுதாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

வேலை தெரிந்தும் என் படகு மறுபடி கடலில் இறங்க இரண்டரை மாதம் ஆயிற்று. எல்லாப் படகும் ஒரே நாளில் உடைந்தால் ரெசினுக்கும் ஆளுக்கும் எங்கே போவது? நிவாரணம் வரும் தேதி வேறு, தவணைத் தேதி வேறு. அந்த இரண்டரை மாதம் எங்களைத் தாங்கியது என் மனைவியின் பிடிவாதம். படகு வாங்கும்போது, "என்னங்க, நகையில பாதியை மட்டும் வைங்க. மீதி கரையில நிக்கிற நாளுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். அதனால்தான் புது எஞ்சினுக்குப் போகாமல் பழைய எஞ்சின் வாங்கினோம். அந்த மீதி நகையில்தான் தவணையும் கட்டினோம், ரெசினும் வாங்கினோம்.

தவணை தள்ளிய படகு

இன்னொரு படகின் கதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர். முழுக்கக் கடனில் புதுப் படகு, புது எஞ்சின், புது வலை. ஐப்பசி மாதம், பலத்த காற்று என்று அறிவிப்பு வந்தும் இறங்கினார். கரையில் பெரியவர்கள் தடுத்தார்கள். "சனிக்கிழமை பைனான்ஸ்காரர் வருவாரு மாமா" என்றாராம். கரைக்கு மிக அருகில், அலை உடையும் இடத்தில் படகு குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. காலி கேன்களை மூடி போட்டு ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் கரை சேர்ந்தார்கள். படகு இரண்டு துண்டு. கடன் மட்டும் உடையாமல் அப்படியே இருக்கிறது.

அந்தத் தம்பிக்குக் கடல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. காற்றைப் பார்த்துச் சொல்லக் கூடியவர்தான். கரையில் நிற்க அவரிடம் காசு இல்லை. அதனால்தான் எல்லோரிடமும் சொல்கிறேன்: மூன்று மாதத் தவணையும் மூன்று மாத வீட்டுச் செலவும் தனியாக வைக்க முடிந்தால் படகு வாங்குங்கள். முடியாதென்றால் ஒரு வருடம் அடுத்தவர் படகில் பங்குக்குப் போங்கள். தொழிலும் பழகும், காசும் சேரும்.

அடிக்கடி கேட்கும் மூன்று கேள்விகள்

கடனுக்கு எங்கே போவது? கிசான் கிரெடிட் கார்டு 2018-19 முதல் மீன்பிடித் தொழிலுக்கும் உண்டு. எண்ணெய், ஐஸ், வலை போன்ற நடைமுறைச் செலவுக்கு வங்கியில் கேளுங்கள். வட்டி குறைவு.

ஐஸ் எவ்வளவு வேண்டும்? ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அதில் கஞ்சத்தனம் செய்தால் ஏலத்தில் அதைவிட அதிகமாக இழப்போம்.

காப்பீடு? மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் உயிரிழப்புக்கும் முழு ஊனத்துக்கும் 5 லட்சம் ரூபாய் உண்டு. மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலும் மீன்வளத்துறையிலும் கேட்டு உங்கள் பெயர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உங்களோடு வருபவர் பெயரையும் பாருங்கள்.

வானிலைக்கு, முந்தின மாலை இன்காய்ஸ் நிறுவனத்தின் கடல் நிலை அறிவிப்பையும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவ நண்பன் செயலியையும் பார்க்கலாம். இரண்டிலும் அலை உயரமும் காற்றும் தெரியும். ஆபத்தில் கடலோரக் காவல் படைக்கு 1554 என்ற எண், வி.எச்.எப். கருவியில் 16-வது சேனல். ஆனால் தூரம் போனால் செல்போன் எடுக்காது. எனவே, எந்தத் திசைக்குப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரத்துக்கு வராவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். என் வீட்டில் அந்தத் தாள் அரிசிப் பானை மூடிமேல்தான் இருக்கும்.