புளியங்குடியின் 'எலிமினேஷன் ஆச்சி'

2021 சித்திரை முதல் நாள். புளியங்குடியில் அந்த வீட்டில் விசுவுக்கு வைத்த பாயசம் யாரும் தொடாமல் ஆடை கட்டிக் கிடந்தது. காரணம் டிவி. 'குக்கு வித் கோமாளி' இரண்டாவது சீசனின் இறுதிச்சுற்று அன்றுதான் மணிக்கணக்கில் ஓடியது. கனி ஜெயித்தார். ஷகிலாவுக்கு இரண்டாமிடம், அஸ்வினுக்கு மூன்றாமிடம். எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த பேத்தி அஸ்வின் கட்சி. பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு, "ஏமாத்திட்டாங்க ஆச்சி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆச்சிக்கு அறுபத்தெட்டு வயது. சொதி வைப்பதில் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. "நீ தின்னு பாத்தியாட்டி? தாமு தின்னாரு, வெங்கடேஷ் பட் தின்னாரு. நீ இங்கன உக்காந்து அழுத. அவுகளுக்குத் தெரியாதா ருசி?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பேத்தியிடம் அன்று பதில் இல்லை. ஆனாலும் வாரா வாரம் சண்டை ஓயவில்லை. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல். அதற்கு ஆறு நாள் முன்னால் தொடங்கிய நிகழ்ச்சி இது. முதல் சீசனில் வனிதா ஜெயித்தபோது அந்த வீட்டில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது சீசன்தான் எல்லாரையும் பிடித்து உட்காரவைத்தது. பவித்ரா லட்சுமி வெளியேறிய வாரம் ஒரு சண்டை. அவர் வைல்டு கார்டில் திரும்பி இறுதிச்சுற்றுக்கு வந்தபோது வேறு சண்டை. "போனவங்க போனவங்கதான், திரும்ப எதுக்கு விடணும்?" என்று இந்த முறை மல்லுக்கு நின்றவள், போன முறை பவித்ராவுக்காக அழுத அதே பேத்தி. 2024-ல் ஐந்தாவது சீசனில் பிரியங்கா ஜெயித்தபோது, "அதே சேனல்ல இத்தனை வருஷமா ஆங்கரா இருந்தவங்களுக்கே கொடுத்துட்டாங்க" என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். "ஆங்கரா இருந்தா அடுப்புப் பத்தாதா?" என்றார்கள் மீதிப் பேர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குக்கு வித் கோமாளி அடிப்படையிலேயே நியாயம் பார்க்காத போட்டி. சமைக்கத் தெரிந்தவரோடு, சமைக்கத் தெரியாத ஒருவரைச் சேர்த்துவிடுகிறார்கள். யாருக்கு எந்தக் கோமாளி என்பது பல வாரம் அதிர்ஷ்டம். வெங்காயம் கேட்டால் பூண்டு வரும். புகழைக் கூட்டாளியாகப் பெற்றவரின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். ஆனால், 'எனக்குப் பிடித்தவருக்கு மோசமான கோமாளி வந்துவிட்டார், இது அநியாயம்' என்று யாரும் கொடி பிடிப்பதில்லை. கண் முன்னால் நடக்கிற அதிர்ஷ்டத்தை ரசிகர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். திரைக்குப் பின்னால் ஏதோ நடந்துவிட்டதோ என்ற சந்தேகத்தைத்தான் தாங்க முடிவதில்லை.

'மாஸ்டர் செஃப் இந்தியா' 2023 சீசன் அந்த வீட்டை இரண்டாகவே பிளந்துவிட்டது. சென்னையைச் சேர்ந்த அருணா விஜய் அதில் கலந்துகொண்டார். சமணர், சுத்த சைவம். மற்றவர்கள் மீன் சமைக்க வேண்டிய இடத்தில் அவருக்குப் பன்னீர் கொடுத்தார்கள். நாடு முழுக்க ரசிகர்கள் கொதித்தார்கள். ஆச்சி வீடும் சைவம்தான், முட்டைகூடக் கிடையாது. "தொடாத பொருளைத் தொடச் சொல்லுததுதான் நியாயமா? அந்தப் புள்ளைக்குப் பன்னீர் குடுத்ததுல என்ன குத்தம்?" என்று ஆச்சி கேட்டார். பேத்தி விடவில்லை. "மீனை முள்ளு எடுத்து, நாத்தம் போக்கி, ஒடையாம வேக வைக்கணும் ஆச்சி. பன்னீரைச் சதுரமா வெட்டினா முடிஞ்சுது. ரெண்டும் ஒரே பரீட்சையா?" இரண்டு பேர் சொன்னதும் சரிதான். 2015-ல் அதே நிகழ்ச்சியின் நான்காவது சீசனை முழுக்க முழுக்கச் சைவமாகவே நடத்தினார்கள். எல்லாருக்கும் ஒரே விதி. அப்போது இந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

இப்படித் திண்ணையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு, இந்தத் தைப் பொங்கல் முடிந்த வாரம் நிஜமாகவே ஒரு தீர்ப்புச் சொல்ல வேண்டிவந்தது. தெருவின் மகளிர் சுய உதவிக் குழு சமையல் போட்டி வைத்தது. தலைப்பு: சொதி. ஜட்ஜ்: ஆச்சி.

திருநெல்வேலிச் சீமையில் கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் சொதி இல்லையென்றால் சம்பந்தி வீட்டில் முகம் சுளிப்பார்கள். தேங்காயை மூன்று முறை பிழிந்து பால் எடுக்க வேண்டும். காய்கள் வேகத் தண்ணிப்பால், பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சி - பச்சைமிளகாய் எல்லாம் முதலில். கெட்டியான முதல் பால் கடைசியில். அதை ஊற்றி நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். கொதிக்க விட்டால் கெட்டது. எலுமிச்சைச் சாறு, இறக்கிவைத்துச் சூடு கொஞ்சம் தணிந்த பிறகுதான். அடுப்பில் இருக்கும்போதே பிழிந்தால் பால் திரிந்துவிடும். புளியங்குடியில் எலுமிச்சைக்குப் பஞ்சமா? பழத்துக்கென்றே தனி மார்க்கெட், இங்கிருந்து கேரளத்துக்குப் போகிற மூட்டைகள், 2025-ல் புவிசார் குறியீடு வேறு. போட்டிக்கு வந்த ஒன்பது பெண்களுக்கும் ஆளுக்கு நான்கு பழம் இலவசம்.

எல்லாருக்கும் ஒரே அளவு தேங்காய், ஒரே அளவு காய், ஒரே மாதிரி அடுப்பு, ஒரு மணி நேரம். குழுத் தலைவி விசில் ஊதித் தொடங்கிவைத்தார். ஆச்சியை நியாயம் கெடாமல் இருக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு உள்ளறையில் உட்காரவைத்துவிட்டார்கள். யார் சமைத்தது எது என்று தெரியக் கூடாது. கிண்ணத்தில் எண் மட்டும். டிவி பார்த்துப் பார்த்து ஊறிப்போன தெரு அல்லவா, ஏற்பாடு பலமாகத்தான் இருந்தது.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டார்கள். மிக்ஸி. ஒன்பது பேருக்கு இரண்டு மிக்ஸி, ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். முதலில் ஓடிப்போய் நின்றவர்களுக்குப் பத்து நிமிடத்தில் தேங்காய்ப்பால் கையில். கடைசியாக நின்றது, போன ஆவணியில் கல்யாணமாகி அந்தத் தெருவுக்கு வந்த மருமகள். புதுப்பெண், யாரையும் முந்திப் போகக் கூச்சம். அவள் முறை வரும்போது பாதி நேரம் போயிருந்தது. போதாக்குறைக்கு நடுவில் மின்சாரம் ஒருமுறை போய் வந்தது. முதல் பாலை ஊற்றவும் குழுத் தலைவி 'இன்னும் ரெண்டு நிமிஷம்' என்று கத்தவும் சரியாக இருந்தது. சூடு தணியக் காத்திருக்க ஏது நேரம்? அடுப்பில் இருக்கும்போதே எலுமிச்சையைப் பிழிந்துவிட்டாள். சொதி அவள் கண் முன்னாலேயே திட்டுத் திட்டாகப் பிரிந்தது.

உள்ளறையில் ஆச்சி ஒன்பது கிண்ணத்தையும் ருசித்தார். ஏழாம் எண்ணில் கரண்டியை விட்டதும் நின்றார். இஞ்சியும் மிளகாயும் அத்தனை பதம். ஆனால், திரிந்த சொதி. இன்னொரு வாய் எடுத்தார். பிறகு நாட்காட்டித் தாளின் பின்பக்கம் பத்துக்கு நான்கு என்று எழுதினார். இரண்டாவது சுற்றுக்கு ஆறு பேர் போனார்கள். ஏழாம் எண் போகவில்லை. போன ஆறு பேரில் ஒருத்தி ஆச்சியின் நாத்தனார் மகள்.

அவ்வளவுதான். தெரு இரண்டாகிவிட்டது. "அந்தப் புள்ளைக்கு மிக்ஸியே குடுக்கல, பொறவு எப்படிச் சொதி வைப்பா?" "சொந்தக்காரிக்குப் போட்டுட்டாக." யாரோ ஒரு வாலிபன் ஆச்சி முகத்தை ஒரு செஃப் தொப்பிக்குக் கீழே ஒட்டி மீம் போட்டான். அதில் வந்த பெயர்தான் 'எலிமினேஷன் ஆச்சி'. தெருவின் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றிச் சுற்றி வந்தது.

ஆச்சிக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான் வந்தது. "மிக்ஸி கதை எனக்கு எப்படித் தெரியும்? கிண்ணத்துல இருந்ததைத் தின்னேன். திரிஞ்சிருந்துச்சு. மார்க்கு போட்டேன்" என்று பேத்தியிடம் சொன்னார்.

இப்போது கல்லூரியில் படிக்கும் பேத்தி, போட்டி முழுக்க வெளியே பந்தலில் நின்று பார்த்தவள். ஆச்சி தின்றார், ஆனால் பார்க்கவில்லை. பேத்தி பார்த்தாள், ஆனால் ஒரு சொட்டுக்கூட ருசிக்கவில்லை. தெருவில் சண்டை போட்ட அத்தனை பேரும் பேத்தியைப் போலத்தான். அவர்களுக்கு ஏழாம் எண் சொதியின் ருசி தெரியாது, அது செய்தவளின் அரக்கப்பரக்கத் தெரியும்.

2014-ல் இங்கிலாந்தில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. 'கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்' நிகழ்ச்சியில் இயன் வாட்டர்ஸ் என்பவர் ஐஸ்கிரீம் வைத்த கேக் செய்துகொண்டிருந்தார். ஐஸ்கிரீம் இறுகவில்லை. அது ஃப்ரீசருக்கு வெளியே இருந்ததைக் கண்டதும், கோபத்தில் எல்லாவற்றையும் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டார். ஜட்ஜுகள் முன் வைக்க அவரிடம் எதுவுமே இல்லை, அதனால் வெளியேற்றினார்கள். ஆனால் டிவியில் பார்த்தவர்களுக்கு, டயானா பியர்ட் என்ற அறுபத்தொன்பது வயது சக போட்டியாளர் அந்த ஐஸ்கிரீமை வெளியே எடுத்து வைத்ததுபோலத் தெரிந்தது. ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்பான ஆஃப்காமுக்கு 800-க்கும் மேற்பட்ட புகார்கள் போயின. அந்த அம்மாவைத் திட்டாத ஆளில்லை. ஒரு நிமிடம்கூட அது வெளியே இருக்கவில்லை என்று அவர் சொன்னார். தயாரிப்புத் தரப்பும் அதையே சொன்னது. ஒட்டிவெட்டிக் காட்டிய காட்சியில் அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நேரமாகத் தெரிந்ததோ!

ருசி பார்த்தவர்கள் சறுக்கிய கதையும் உண்டு. 2018-ல் இங்கிலாந்து மாஸ்டர் செஃப்பில் மலேசியாவில் பிறந்த ஜலேஹா நாசி லெமாக்கும் கோழி ரெண்டாங்கும் செய்தார். கோழித் தோல் மொறுமொறுப்பாக இல்லை என்றார் ஜட்ஜ். ரெண்டாங் என்பது மசாலாவில் நெடுநேரம் வேகும் குழம்பு, அதில் மொறுமொறுப்பு எங்கிருந்து வரும்? மலேசியாவும் இந்தோனேசியாவும் ஒன்றாகச் சேர்ந்து கொந்தளித்தன. மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கே அந்தச் சண்டையில் இறங்கினார். சொதியைத் தின்றுவிட்டு 'காரம் பத்தவில்லை' என்று ஒருவர் சொன்னால் புளியங்குடி சும்மா இருக்குமா? பார்வையாளர்களுக்கு உணவைத் தெரியும், வாயில் வைத்தவருக்குத் தெரியவில்லை. இப்படியும் நடக்கிறது.

பேத்தி மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தாள். அந்த நாட்காட்டித் தாளைப் படமெடுத்துத் தெருக் குழுவில் போட்டுவிட்டாள். ஒன்பது எண்ணுக்கும் ஒன்பது மதிப்பெண். நாத்தனார் மகளுக்கு ஆறு. ஏழாம் எண்ணுக்கு எதிரே, நான்குக்குப் பக்கத்தில், ஆச்சியின் கோணல் எழுத்தில், 'பக்குவம் இதுதான். திரிஞ்சு போச்சு' என்று இருந்தது. சொந்தக்காரி என்ற பேச்சு அதோடு நின்றது. மிக்ஸிப் பேச்சு நிற்கவில்லை. அது நிற்கவும் கூடாது என்று ஆச்சியே சொன்னார்.

இரண்டாவது சுற்றுக்கு முன் ஆச்சி குழுத் தலைவியைக் கூப்பிட்டுவிட்டார். "தேங்காப்பாலை நீங்களே எடுத்து ஆளுக்கு அளந்து குடுங்க. இல்லன்னா ஒம்பது மிக்ஸி கொண்டாங்க. அந்தப் புள்ளையத் திரும்பச் சேருங்க, இல்லன்னா நான் வரல." வைல்டு கார்டு! பேத்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனால் போட்டியில் இருந்த ஆறு பேரும் ஒத்துக்கொள்ளவில்லை. "நாங்க ஜெயிச்சது செல்லாதா? வரிசையில முன்னால நின்னது எங்க குத்தமா?" அதுவும் நியாயம்தானே. கடைசியில் எல்லாரையும் சேர்த்து, ஒன்பது பேரோடு முதல் சுற்றையே மறுபடி வைப்பது என்று முடிவானது. ஜட்ஜ் பந்தலிலேயே உட்கார்ந்து சமையலைப் பார்க்க வேண்டும் என்று வாலிபர்கள் கேட்டார்கள். பார்த்தால் முகம் தெரிந்துவிடும், அது வேண்டாம் என்றார் தலைவி. கடைசியில் ஆச்சி உள்ளே, பேத்தி வெளியே. நடப்பதைக் குறித்துவைத்து, மார்க் போட்ட பிறகே ஆச்சியிடம் படித்துக்காட்ட வேண்டும்.

புது மருமகளுக்கு ஆள் அனுப்பினார்கள். "எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டாள். மாமியார் போய்ச் சொல்லியும் வரவில்லை. போட்டி எட்டுப் பேரோடு நடந்து முடிந்தது. பிரஷர் குக்கர் பரிசை வாங்கியது மேலத் தெருக்காரி ஒருத்தி. நாத்தனார் மகளுக்கு ஐந்தாமிடம். அவளும் இப்போது ஆச்சியோடு சரியாகப் பேசுவதில்லை.

சனிக்கிழமை டிவியில் யாரோ ஒருவரை வெளியேற்றினார்கள். பேத்தி வழக்கம்போல, "அநியாயம் ஆச்சி இது!" என்று எழுந்தாள். ஆச்சி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவளுக்கு மிக்ஸி எப்பம் கெடச்சுதுன்னு காட்டினானா?" என்றார். காட்டவில்லை.

மறுநாள் காலையில் ஆச்சி ஒரு பையில் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொண்டு அந்த மருமகள் வீட்டுப் படியேறினார். மாமியார்தான் வாங்கிக்கொண்டார். அந்தப் பெண் உள்ளே பாத்திரம் விளக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஆச்சி திரும்பிவிட்டார். மூன்று வாரமாகிறது. ஆச்சி வீட்டு வாசலைத் தாண்டும்போது மட்டும் அவள் செல்போனைக் காதில் வைத்துக்கொள்கிறாள்.