வற்றாப்பளையில் இரண்டு இரவுகள்

வைகாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துப் பெண்களிடையே ஒரு கேள்வி தவறாமல் எழும். "இந்த முறை பொங்கலுக்கு எப்படிப் போறியள்?" முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்கு பஸ்ஸில் போய் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுபவர்கள் உண்டு. நடந்தே போகிறவர்களும் உண்டு. ஆனால் உழவு இயந்திரப் பெட்டியில் குடும்பமாக ஏறிச் சென்று, கோயிலடியில் தங்கி, ஆறுதலாகத் திரும்புவதில் கிடைக்கும் நிறைவு வேறு. முன்னைய காலத்தில் கூடாரம் போட்ட மாட்டுவண்டிகளில் எங்கள் பாட்டிமார் இப்படித்தான் போனார்கள்.

கனடா, அமெரிக்கா, ஜேர்மனி போன்ற நாடுகளிலும் இதைப் போன்ற ஒரு பயணம் இருக்கிறது. பஸ் அளவான ஒரு வாகனம். அதற்குள்ளேயே கட்டில், குசினி, குளியலறை, மலசலகூடம் எல்லாம் இருக்கும். விடுமுறைக்குக் குடும்பமாக அதில் ஏறி ஊரூராகப் போவார்கள். இரவில் தங்குவதற்கென்று தனியான வளவுகள் உள்ளன. கட்டணம் செலுத்தினால் ஒரு வாகனம் நிற்கும் இடமும், தண்ணீர்க் குழாயும், மின்சார இணைப்பும், கழிவுநீரை விடுவதற்கு ஒரு குழியும் கிடைக்கும். இதைக் கேட்ட எங்கள் ஒழுங்கை ஆச்சி சிரித்தார். "உந்த வண்டியில நாங்கள் போகாத இடமே பிள்ளை?" என்றார். அவர் எதை நினைத்துச் சொன்னார் என்பது எங்கள் எல்லோருக்கும் விளங்கியது.

நான்கு குடும்பங்கள் சேர்ந்தோம். நான்கிலும் குடும்பத் தலைவி பெண்தான். இயந்திரத்தை வாடகைக்குப் பிடித்து, டீசல் செலவை நான்காகப் பங்கிட்டோம். பெட்டியின் நான்கு மூலையிலும் தடி நட்டு மேலே தறப்பாள் கட்டினோம். அடியில் வைக்கோல் பரப்பி அதன்மேல் பாய் விரித்தோம். அரிசி, பயறு, சர்க்கரை, தேங்காய், பொங்கல் பானை, விறகு, இரண்டு கான் குடிதண்ணீர், ரோச் லைற், நுளம்புத்திரி என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டோம்.

ஞாயிறு விடியற்காலை கிளிநொச்சியில் புறப்பட்டோம். பரந்தனில் திரும்பினால் முல்லைத்தீவு வரை 50 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய தூரம். முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல். இந்தப் பெயர்களை வரிசை தவறாமல் சொல்ல எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009 ஜனவரி முதல் மே வரை, இதே வீதியால், இதே போன்ற பெட்டிகளில் சட்டி பானையுடன் நகர்ந்தவர்கள் நாங்கள். அந்த மாதங்களில் பெட்டிதான் வீடு. அதன் கீழே வெட்டியதுதான் பதுங்குகுழி. வழியில் எவரும் அதிகம் பேசவில்லை. போரின் பின் பிறந்த பிள்ளைகள் மட்டும் ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் உரக்க வாசித்துக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் பரந்து கிடந்த வட்டுவாகலில் ஆச்சி கையெடுத்துக் கும்பிட்டார். இயந்திரம் ஓட்டிய தம்பி தானாகவே வேகத்தைக் குறைத்தான்.

வற்றாப்பளை நந்திக்கடலின் கரையோரம் அமைந்த ஊர். மதுரையை எரித்த கண்ணகி ஈழத்துக்கு வந்து பல இடங்களில் தங்கினாள் என்றும், பத்தாவதாகத் தங்கிய இடமே 'பத்தாம்பளை'யாகிப் பின்னர் வற்றாப்பளை ஆனது என்றும் மரபாகச் சொல்வார்கள். வைகாசி விசாகத்தையொட்டிய திங்கட்கிழமை இங்கு பெரும் பொங்கல். அதற்கு ஒரு வாரம் முன்பே முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைப்பார்கள். எண்ணெய்க்குப் பதிலாக அந்தக் கடல்நீரில் விளக்கேற்றுவது இக்கோயிலின் தனிச்சிறப்பு. ஞாயிறன்று காட்டு விநாயகருக்குப் பொங்கி, மறுநாள் அம்மனுக்குப் பொங்குவார்கள்.

நாங்கள் சென்றபோது மரநிழல்களில் ஏற்கனவே பல பெட்டிகள் வந்து நின்றன. ஒரு நாளுக்குள் ஓர் ஊரே அங்கு உருவாகிவிட்டது. பக்கத்துப் பெட்டிக்காரர் வவுனியா. அடுத்தவர் ஒட்டுசுட்டான். அவர்கள் எங்களுக்குத் தேங்காய் தந்தார்கள், நாங்கள் அவர்களுக்கு விறகு கொடுத்தோம்.

இரவு படுக்கும் நேரம்தான் சிக்கல் வந்தது. எங்களோடு வந்த ஒரு தங்கச்சி தறப்பாளுக்குள் வர மறுத்துவிட்டார். கணவர் காணாமற்போனவர். கைக்குழந்தையுடன் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் வெக்கையிலும் மழையிலும் கூடாரத்துக்குள் இருந்தவர். 2012 செப்ரெம்பரில் அந்த முகாம் மூடப்பட்டது. ஆனால் தறப்பாள் மணம் மூக்கில் ஏறினால் இன்றும் தனக்கு மூச்சு முட்டும் என்றார். "நீங்கள் படுங்கோ அக்கா, நான் வெளியில இருக்கிறன்."

யாரும் அவரை வற்புறுத்தவில்லை. ஆச்சி எழுந்து வந்து ஒரு பக்கத் தறப்பாளை அவிழ்த்து மேலே சுருட்டிக் கட்டினார். "அது அவங்கள் பூட்டின கூடாரம் பிள்ளை. இது நாங்கள் கட்டினது. வேண்டாமெண்டால் அவிழ்க்கலாம். உன்ர வீட்டுத் திறப்பு எங்க?" அந்தத் தங்கச்சி சேலைத் தலைப்பில் முடிந்திருந்த திறப்பைக் காட்டினார். "செவ்வாய்க்கிழமை அதாலதான் கதவு திறக்கப்போறாய். பேசாமல் படு."

அன்றிரவு அவர் உறங்கவில்லை. பெட்டி விளிம்பில் சாய்ந்திருந்தார், நானும் கூட இருந்தேன். திங்களிரவு கற்பூரச்சட்டி ஏந்திக் கோயிலைச் சுற்றி வந்தார். அரசனின் முன் போய் நின்று நீதி கேட்டவள் கண்ணகி. 2017இல் கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளைத் தேடும் போராட்டத்தில் நின்ற பெண்ணுக்கு அந்தத் தெய்வத்தை எவரும் விளக்கத் தேவையில்லை. பொங்கி முடித்து வந்தவர், பிள்ளையை அணைத்தபடி திறந்திருந்த அந்தப் பக்கத்தில் விடியும் வரை தூங்கினார். துயரம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். ஓர் இரவு தூங்கினார், அவ்வளவுதான்.

இவ்வாறு தங்கப் போகும் சகோதரிகளுக்குச் சில விடயங்கள். பெட்டியின் பின்புறம் சிவப்பு விளக்கோ ஒளிர்தகடோ கட்டாயம் வேண்டும், இருளில் ஓடாதீர்கள். வெளிச்சத்துக்கும் மலசலகூடத்துக்கும் அருகான இடத்தைப் பகலிலேயே தெரிவு செய்யுங்கள். பெருங்கூட்டம் கூடும் எங்கும் பெண்கள் வரிசையில் நீண்ட நேரம் நிற்க நேரிடும். இரவில் தனியே போகாமல் இருவராகப் போங்கள். மாதவிடாய்த் துணிகளையும் மாற்றுடையையும் தனிப் பையில் வையுங்கள். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறியபின் குடியுங்கள். அடுப்பைத் தறப்பாளுக்கும் வைக்கோலுக்கும் தூரத்தில் மூட்டுங்கள். விறகை வீட்டிலிருந்தே கொண்டு செல்லுங்கள். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் நிறைவடையவில்லை. அறியாத பற்றைகளுக்குள் நீங்களும் போகவேண்டாம், பிள்ளைகளையும் விடவேண்டாம். புறப்படும்போது குப்பையைக் கூட்டியள்ளிவிட்டு வாருங்கள்.

துணையில்லாத பெண் எங்கே பயணம் போவது என்று நம்மில் பலர் வீட்டோடு முடங்கிவிடுகிறோம். நான்கு பேர் சேர்ந்தால் அதுவே துணை. மாதம் ஒரு சிறு தொகையை இப்போதே ஒருவரிடம் சேர்த்து வையுங்கள். இயந்திரத்தை மாசியிலேயே பேசிவிடுங்கள். வைகாசி நெருங்கினால் வாடகை ஏறிவிடும்.