நீருக்கடியில் ஓர் ஊர்

கொங்கு நாட்டில் மானாவாரி நிலத்தை இன்றும் 'காடு' என்றே வழங்குகிறோம். முள்ளும் கல்லும் நீக்கி அதை விளைநிலமாக்கிய முதற்குடிகளின் உழைப்பை அச்சொல் நினைவூட்டுகிறது.

ஆனால், சிலர் காடு திருத்தி வாழச் சிலர் ஊர்விட்டு அகன்ற வரலாறும் நமக்குண்டு. பவானியும் மோயாறும் கூடுமிடத்திற்குக் கீழே, 1948-இல் தொடங்கிய பவானிசாகர் அணைப்பணி 1955-இல் நிறைவுற்றது. ஏறத்தாழ 200 கி.மீ. ஓடும் கீழ்பவானிக் கால்வாய் 2,07,000 ஏக்கருக்குப் பாசனமளிக்கிறது. சோளமும் கம்பும் விளைந்த காடுகளில் நெல்லும் மஞ்சளும் செழித்தன. அணைக்குள்ளோ, டணாய்க்கன்கோட்டையும் அதன் அருகிலிருந்த சிற்றூர்களும் மூழ்கின. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் ஆண்டுகளில் பழைய கோயிலொன்று அங்கே தலைகாட்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், கால்வாய்ப் பாசன விவசாயியான முதியவர் ஒருவர் பங்கு இல்லத்திற்குப் புதுநெல் கொண்டுவந்தார். திண்ணையில் அமர்ந்தவர் மெல்லச் சொன்னார்: "வாய்க்கால்ல மொதத் தண்ணி வந்தப்போ நாங்க பூத்தூவிக் கும்பிட்டோமுங்க சாமி. அந்தத் தண்ணிக்கடியில யாரூட்டு அடுப்பு இருந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

நானும் கேட்டதில்லை. எத்தனையோ அறுவடைகளுக்கு நன்றி கூறி மன்றாடியிருக்கிறேன், உழைத்தவர்களை நினைத்திருக்கிறேன். அவ்விளைச்சலுக்காக அடுப்பையும் களத்தையும் மூதாதையரின் கல்லறைகளையும் இழந்து, வேற்றிடத்தில் முதற்குடிகளாய் மீண்டும் தொடங்கியவர்களை ஒருமுறையேனும் நினைத்தேனா? நன்றியிலும் மறதி கலந்திருக்கக் கூடும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அவ்வாண்டுப் பொங்கல் திருப்பலியில் அவர்களுக்காகவும் மன்றாடினோம். பீடத்தின் முன் அம்முதியவரின் நெல் இருந்தது.