நீ என்ன கலர்டா?

"டேய், நீ என்ன கலர்?"

ராத்திரி பதினோரு மணிக்கு, அமெரிக்காவிலிருந்து போன் போட்டுக் கூடப் பிறந்த அக்கா கேட்கிற கேள்வியா சார் இது?

நான் தப்பாக எதுவும் சொல்லிவிடவில்லை. அக்கா நியூஜெர்சியில் இருக்கிறாள். பிள்ளைகள் இரண்டும் வளர்ந்த பிறகு, நாற்பது வயதில் கவுன்சலிங்கில் எம்.ஏ. படிக்கக் கிளம்பினாள். பயிற்சிக்கு ஒரு கிளினிக்கில் போட்டிருக்கிறார்கள். அங்கே வருகிறவர்களில் பாதிப் பேர் கறுப்பின மக்கள் என்றாள். "அந்த ஏரியாவுக்கா தனியா கார் ஓட்டிட்டுப் போறே? ஜாக்கிரதைக்கா..." என்றேன். அவ்வளவுதான். நாலு செகண்ட் மௌனம். அப்புறம் மேற்படி கேள்வி.

கல்யாணத் தரகரிடம் கொடுத்த காகிதத்தில் 'மாநிறம்' என்று எழுதியிருக்கிறேன். (போட்டோவைப் பார்த்தவர்கள் மேற்கொண்டு பேச வரவில்லை.) அதை அக்காவிடம் சொல்ல தைரியம் இல்லை.

"உன்னைத் திட்டலைடா. நானும் இதையேதான் மனசுல வெச்சுக்கிட்டு அந்த ரூமுக்குள்ள உட்கார்ந்திருந்தேன்" என்றாள்.

சூப்பர்வைசர் என்றால் நமக்குத் தெரிந்தவர், பத்து நிமிஷம் லேட்டானால் ரிஜிஸ்டரில் சிவப்பு மையால் கோடு போடுகிறவர். கவுன்சலிங்கில் வேறு ஜாதி. பயிற்சியில் இருப்பவர், தான் ஆட்களிடம் பேசியதை வாராவாரம் ஒரு மணி நேரம் ஓர் அனுபவசாலியிடம் கொட்ட வேண்டும். பதிவு செய்ததைப் போட்டும் காட்ட வேண்டும். அங்கே இந்தப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் விதிப்படி இன்டர்ன்ஷிப் 600 மணி நேரம். அதில் 240 மணி நேரம் நேரடியாக ஆட்களோடு. பி.காம். மூளைக்கு உடனே புரிந்துவிட்டது. இன்டர்னல் ஆடிட்! ஆனால் தணிக்கை ஆவது கணக்கு இல்லை, கணக்கு எழுதுகிற ஆள்.

அக்காவுக்கு முதலில் வாய்த்தவர் ஒரு வெள்ளைக்கார அம்மா. தங்கமான மனுஷி. "எனக்கு எல்லாரும் மனுஷங்கதான், நிறமே கண்ணுல படாது" என்பாராம்.

அப்போது கறுப்பினப் பெண்மணி ஒருவர் அக்காவிடம் வந்துகொண்டிருந்தார். யார், என்ன பிரச்னை என்பதெல்லாம் அக்கா மூச்சு விடவில்லை. தான் சொன்ன பதிலை மட்டும் சொன்னாள். அந்த அம்மா ஆபீஸில் தன் நிறத்தால் நடந்ததைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்கிறார். "எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தாங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறாள் அக்கா.

அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை.

பதிவைக் கேட்ட சூப்பர்வைசர், "தூக்கத்தைப் பத்திக் கேட்டது நல்ல கேள்வி" என்று பாராட்டினாராம்!

"உனக்கு உறுத்தலையாக்கா?"

"உறுத்திச்சு. ஆனா எப்படிடா சொல்றது? என் மதிப்பீட்டு ஃபாரத்துல கையெழுத்துப் போடறது அவங்க. ஒருநாள் பேசாம இருந்ததுக்கே, 'உங்க கலாசாரத்துல பெண்கள் அமைதியானவங்க இல்லையா'ன்னாங்க. என்னை! அமைதின்னு!"

வீட்டில் அக்கா போடுகிற சத்தம் தெரிந்தவன் என்ற முறையில், எனக்கே அந்த அம்மாவின் மேல் கோபம் வந்தது.

அங்கே இதற்கெல்லாம் சாஸ்திரமே இருக்கிறது. ஜேனட் ஹெல்ம்ஸ் என்ற கறுப்பின உளவியலாளர், இன விஷயத்தில் விழிப்பு எந்த அளவு என்பதை வைத்து இந்த உறவைப் பிரித்தார். சீனியர் ஒருபடி மேலே இருந்தால் ஜூனியர் வளர்வார். ஜூனியர் மேலே இருந்தால் தினமும் இழுபறி. இருவரும் ஒரே படி என்றால் சிக்கல் இல்லாமல் ஓடும். கீழ்ப் படியாக இருந்தாலும் ஓடும். "நாங்க மூணாவது கேஸ். ரெண்டு பேருமா தூங்கிட்டு, வந்தவங்ககிட்ட தூக்கத்தைப் பத்திக் கேட்டோம்" என்றாள்.

1992-ல் டெரால்ட் விங் சூ முதலான மூன்று பேர், பல பண்பாட்டு மக்களோடு பேசும் கவுன்சலருக்கு வேண்டிய தகுதிகள் என்று 31 எழுதினார்கள். பட்டியல் தன்னை அறிவதில்தான் தொடங்குகிறது. எனக்குப் பட்டியல் என்றாலே சந்தேகம். டிக் அடித்தால் மனுஷன் மாறிவிடுவானா? "டிக் மட்டும் அடிக்கிறவங்களும் இருக்காங்கடா. ஆனா பட்டியல் இல்லாட்டி, ஏன் கேட்கலைன்னு கேட்கறதுக்கே ஆள் இல்லை."

அடுத்த செமஸ்டரில் சூப்பர்வைசர் மாறினார். இவரும் வெள்ளைக்காரர்தான். முதல் நாளே, "நான் வெள்ளைக்காரன், நீங்க இந்தியாவிலிருந்து வந்தவங்க, உங்ககிட்ட வர்றவங்க பலர் கறுப்பின மக்கள். இதை இங்கே பேசுவோம். நான் தப்பாப் பேசினா சொல்லுங்க, மார்க் குறையாது" என்றாராம். கையெழுத்துப் போடுகிற கை முதலில் பேச்சை எடுத்ததும் அக்கா அந்தப் பழைய வாக்கியத்தைக் கக்கிவிட்டாள். "அந்த நிமிஷம் உங்களுக்குள்ள என்ன ஓடிச்சு?" என்று மட்டும் கேட்டிருக்கிறார்.

"பயம்டா. கல்யாணமாகி வந்த முதல் வாரமே நம்மாளுங்க சொன்னது, 'அந்தப் பக்கம் போகாதே'ன்னு. அப்புறம் இன்னொண்ணு. இது அவங்க ரெண்டு பேருக்குள்ள இருக்கிற கணக்கு, நமக்கென்னன்னு நினைச்சேன்."

1946 சட்டம் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்றுதான் அங்கே கோட்டா வைத்திருந்தது. நாட்டுவாரிக் கோட்டா ஒழிந்தது 1965-ல். கறுப்பின மக்கள் தெருவில் இறங்கி அடிபட்டு, சிவில் உரிமைச் சட்டங்களை வாங்கிய அதே காலம். "நான் இந்த ஊர்ல வீடு வாங்கினதுல அவங்க பங்கும் இருக்கு. என் லெட்ஜர்ல அந்தப் பக்கம் காலியா இருந்துதுடா" என்றாள். அக்கா படித்தது பி.எஸ்ஸி. பாட்டனி. லெட்ஜர் என்னிடமிருந்து தொற்றியது.

இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டு, இரண்டு வரிகளை அடித்த பிறகுதான் சரி என்றாள். கடைசியாக ஒன்று கேட்டேன்.

"அந்த அம்மா திரும்பி வந்தாங்களாக்கா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுடா."

"நான் யார்கிட்டச் சொல்லப் போறேன்?"

"பத்திரிகைல எழுதற ஆளுடா நீ. சாப்டியா? போய்த் தூங்கு."