அப்பாவின் கால்

திருவதிகையில் நாவுக்கரசருக்குச் சூலை தீர அக்கா கொடுத்த திருநீறு போதுமாயிருந்தது. எங்கப்பாவுக்கு இடப்பக்கம் வாதம் அடிச்சப்போ, நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கணும். சேரிக்கு வண்டி வரவே பொழுது விடிஞ்சிடுச்சு.

அப்புறம் மிஞ்சினது பயிற்சிதான். செத்த இடத்து வேலையை மூளையின் மற்ற இடங்கள் பழகிக்கொள்ள, கைகாலை யாராவது தினமும் பிடித்து அசைக்க வேண்டும். யார் பிடிப்பது? நடவு இல்லாத நாளில் அம்மா பிடித்தாள்.

மூணு மாசம் கழித்து, 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் ஒரு பெண் வந்தாள். ஊர்த்தெருக்காரி. அப்பாவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். நெய்வேலிச் சுரங்கத்தில் ஒப்பந்தக் கூலியாய்த் தேய்ந்த மனுசன், கூச்சத்தில் காலை இழுத்துக்கிட்டார். மூணு மாசமா அசையாத கால்.

“தாத்தா, இன்னொரு தரம் இழுங்க” என்றாள்.