தண்ணீர் லாரிக்காரரும் நல்ல சமாரியனும்

2008ல் நான் வைட்ஃபீல்டுக்கு வந்தேன். பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பெட்டி, ஒரு வேதாகமம், ரயிலில் பார்சல் போட்ட டிஎன் 72 பைக். அவ்வளவுதான் சொத்து. இரண்டே வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தேன். எல்லாரும் அப்படித்தானே வருகிறோம் :-)

வந்த புதிதில் இந்த ஊரின் பெயரைக் கேட்டு ஏதோ வெள்ளை வயல் சமாசாரம் என்று நினைத்தேன். அப்படி இல்லையாம். ஒயிட் என்கிற ஆங்கிலோ-இந்தியர் சங்கத் தலைவரின் பெயர் அது. 1880களில் மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் அந்த மக்கள் குடியேற நிலம் கொடுத்து உண்டான ஊர். ஆக, வந்தவர்களுக்கென்றே பிறந்த ஊர். பிறகு ஐடிபிஎல் வந்தது, நாமும் வந்தோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரொம்ப நாளாகச் சொல்லவேண்டும் என்று நினைத்து, வெட்கத்தால் தள்ளிப்போட்டது இது.

2014 டிசம்பர். சபையில் ஏழு மணிக்கு கேரல் பிராக்டிஸ். ஆபீஸிலிருந்து கிளம்பவே ஆறே முக்கால் ஆகிவிட்டது. ஹோப் ஃபார்ம் சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் ரோட்டோரம் ஒரு பைக் சரிந்து கிடந்தது. பக்கத்தில் ஒருவர். கால் மட்டும் லேசாக அசைந்தது. சுற்றி ஏழெட்டுப் பேர், அதில் இரண்டு பேர் மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் வேகத்தைக் குறைத்தேன். பார்த்தேன். போய்விட்டேன்.

காரணம் சொல்ல எனக்கா தெரியாது? போலீஸ், கேஸ், கோர்ட், மொழி தெரியாத ஊர். "நீதான் இடிச்சே" என்று நம் தலையில் கட்டிவிட்டால்? இளநீர்க் கடைக்காரர் ஒருவர் ரோட்டைத் தாண்டி அவரிடம் ஓடுவது கண்ணாடியில் தெரிந்தது. 'ஆள் வந்தாச்சு' என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

அன்று நான் பாடவில்லை, வாயை மட்டும் அசைத்தேன். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளி நாடகத்தில் நல்ல சமாரியனாக நடித்தவன் நான். தாத்தாவின் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, கீழே கிடந்த பையனுக்கு எண்ணெய் பூசினேன். சோப்பு டப்பா பரிசு கூடக் கிடைத்தது. அதே கதையில் ஆசாரியனும் லேவியனும் விலகிப் போகிறார்கள். கோயில் காரியம் பார்க்கிறவர்கள். நானும் கோயில் காரியத்துக்குத்தானே போய்க்கொண்டிருந்தேன்?

அந்த மனிதர் பிழைத்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது.

அடுத்தது 2016 செப்டம்பர் 12. பெங்களூர்த் தமிழர்கள் யாரும் அந்தத் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். காவிரியில் விநாடிக்கு 12,000 கன அடி திறந்துவிடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட நாள். மதியத்துக்குள் ஊர் எரிய ஆரம்பித்தது. மைசூர் ரோடு பக்கம் ஒரே டிப்போவில் நாற்பதுக்கும் மேற்பட்ட பஸ்களைக் கொளுத்தினார்கள். தமிழ்நாட்டிலும் கன்னடக்காரர்கள் சிலருக்கு அடி விழுந்தது. எங்கள் ஆபீஸில் எல்லாரையும் சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

என் வண்டியிலோ டிஎன் 72 நம்பர். மாற்றணும், மாற்றணும் என்று எட்டு வருஷம் தள்ளிப்போட்டதற்கு அன்று அனுபவித்தேன். மெயின் ரோடு வேண்டாம் என்று வர்த்தூர் பக்கம் சந்து சந்தாகப் போனேன். பயத்தில் பள்ளத்தைக் கவனிக்கவில்லை. தூக்கிப் போட்டது. தோள் பக்கம் 'மளுக்' என்றது. எழுந்திருக்க முடியவில்லை. அப்போதும் வலியை விட நம்பர் பிளேட்தான் பெரிதாகத் தெரிந்தது. "அம்மா" என்று கத்தக்கூடப் பயம். தமிழ் என்று தெரிந்துவிடுமே!

ஒரு தண்ணீர் லாரி வந்து நின்றது. வைட்ஃபீல்டு பற்றித்தான் தெரியுமே, லாரி வந்தால்தான் குளியல். டிரைவர் இறங்கி "ஏனாயித்து சார்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. அவர் பிளேட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். லாரிக்குத் திரும்பிப் போனார். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஒரு சாக்கோடு வந்தார். பிளேட்டைச் சுற்றிக் கட்டினார். பிறகு குனிந்து மெதுவாக, பெங்களூர்த் தமிழில், "சார் நீங்கோ பேசாதீங்கோ. நான் பேசிக்கறேன்" என்றார். பைக்கைத் தெரிந்த பஞ்சர் கடைக்குள் தள்ளிவிட்டு, என்னைக் கேபினில் ஏற்றினார். முன்னால் மாதேஸ்வரர் படம், காய்ந்த பூ. வழியில் ஒரு கும்பல் லாரியை நிறுத்தியது. கன்னடத்தில் ஏதோ சத்தம் போட்டார், வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்டார்கள். என் பர்ஸில் முன்னூறு ரூபாய். அவர் அன்றைக்குத் தண்ணீர் விற்ற காசிலிருந்து ஆயிரத்து ஐநூறு எண்ணி வைத்தார். "பேஷண்ட் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கவுண்டரில் கேட்டதற்கு "நம்ம அண்ணா" என்றார். தங்கமணி வந்து சேரும் வரை போகவில்லை.

நாலாம் நாள் பைக்கோடு வீட்டுக்கு வந்தார். சாக்கு அப்படியே இருந்தது. நான் கவரில் ஐயாயிரம் வைத்துக் கொடுத்தேன். ஆயிரத்து ஐநூறை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மண்டியா மாவட்டத்தில் மளவள்ளி பக்கமாம் அவருக்கு. காவிரிப் பாசனத்து விவசாயக் குடும்பம். கோபப்பட உரிமையுள்ள ஆள் என்றால் அவர்தான். ஏன் உதவினீர்கள் என்று கேட்டேன்.

"என் தம்பி லாரி ஓட்டறான் சார். அன்னிக்கு கேஏ நம்பர் வண்டியோட சேலத்துல மாட்டிக்கிட்டான். அவனுக்கும் யாராவது இருக்கணும் இல்ல?"

அவர் போன பிறகு லூக்கா பத்தாம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். எத்தனையோ முறை வாசித்ததுதான். யூதருக்கும் சமாரியருக்கும் ஆகாது, ஒரே பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். இயேசு நினைத்திருந்தால் ஒரு நல்ல யூதன் உதவினான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்குப் பிடிக்காத ஆளைத்தான் கதையில் நல்லவனாக்கினார். 'எனக்குப் பிறன் யார்' என்று கேட்டவனிடம், 'விழுந்து கிடந்தவனுக்குப் பிறனாக இருந்தது யார்' என்று கேள்வியைத் திருப்பிவிட்டார். இத்தனை வருஷமும் நான் சமாரியன் வேஷத்தையே போட்டுக்கொண்டு வாசித்திருக்கிறேன். ரோட்டில் கிடக்கிற இடத்திலிருந்து வாசித்தது அன்றுதான்.

'சும்மா அன்பு அன்பு என்றால் போதுமா, கேஸ் வந்தால் யார் பார்ப்பது' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். அதற்கும் வழி வந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் நெலமங்கலா பக்கம் ஹரீஷ் நஞ்சப்பா என்கிற இளைஞர் லாரி மோதி, உடல் துண்டாகிக் கிடந்த நிலையிலும் தன் உறுப்புகளைத் தானம் செய்யச் சொன்னாரே, நினைவிருக்கும். அந்த ஆண்டே கர்நாடக அரசு விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டத்துக்கு அவர் பெயரை வைத்தது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உதவுகிறவர்களைக் காக்கும் மத்திய அரசின் நெறிமுறைகளை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. கர்நாடகம் தனியாகவும் சட்டம் போட்டது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. உதவுகிறவர் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆஸ்பத்திரி அவரைப் பிடித்து வைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. இதில் அவருக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல சமாரியன்'!

ஆனால் சட்டம் பயத்தைத்தான் எடுக்கும். பிரேக்கை நாம்தான் மிதிக்க வேண்டும்.

2022ல் ஒரு ஞாயிறு காலை. சபையில் வேதபாடம் வாசிக்க என் முறை. தங்கமணியும் பிள்ளைகளும் காரில். குந்தலஹள்ளி கேட் பக்கம் ஒரு செக்யூரிட்டிப் பையனை ஏதோ வண்டி தட்டிவிட்டுப் போயிருந்தது. ஒடிசாக்காரன், இருபது வயது இருக்கும். கை தானாகவே ஸ்டியரிங்கைத் திருப்பியது என்றெல்லாம் கதை விட மாட்டேன். இந்தத் தடவையும் மனசு நேரத்தைத்தான் கணக்குப் போட்டது. பின் சீட்டிலிருந்து மகள் "அப்பா, அந்த அண்ணன்..." என்றாள். நிறுத்திவிட்டேன்.

என் ஹிந்தி கேவலம். ஆனாலும் ஆஸ்பத்திரியில் அவன் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். எக்ஸ்ரே, தையல், மாவுக்கட்டு எல்லாம் முடிய மதியம் ஆனது. நடுவில் கவுண்டரில் வழக்கமான கேள்வி: "உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பி" என்றேன்.

சபையில் என் பாடத்தை வேறு யாரோ வாசித்துவிட்டார்கள். ஒன்றும் குறைந்துபோகவில்லை.

டேங்கர் அண்ணனுக்கு வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் கேக் போகிறது. பொங்கலன்று அவர் வீட்டிலிருந்து எள்ளு-வெல்லம் வருகிறது. பைக்குக்குக் கேஏ 53 நம்பர் வாங்கியாயிற்று. 2014ல் கிடந்த அந்த மனிதருக்கு மட்டும் நான் இன்னும் கடன்காரன். அதை அவரிடம் தீர்க்க வழியில்லை, அடுத்து ரோட்டில் கிடப்பவரிடம்தான் தீர்க்க வேண்டும்.

வண்டியில் ஒரு முதலுதவிப் பெட்டி வைத்துக்கொள்ளுங்கள். 108ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள். வெளியூரில் நாம் எல்லாருமே ஏதோ ஒரு நம்பர் பிளேட்டோடு வந்தவர்கள்தானே.